நம்ம பகுதிக்கு ஒரு உழவர் கடை: தொடங்கப்போகிறவர்களுக்கு

வாடிப்பட்டிப் பக்கம் பறித்த கத்திரிக்காய் விடிவதற்கு முன்பே மதுரை மாட்டுத்தாவணி, பரவை மொத்தச் சந்தைகளில் ஏதாவது ஒன்றுக்குப் போகிறது. அங்கே கை மாறி, சில்லறைக் கடைக்காரர் பிடித்த லோடு ஆட்டோவில் ஏறி, வெயில் ஏறும் நேரத்தில் வாடிப்பட்டி போகிற வழியிலேயே உள்ள ஒரு காலனிக்கு வந்து சேர்கிறது. விவசாயி வாங்கிய விலையையும் காலனிக்காரர் கொடுத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வயிறு எரியும். 'நாமே நேரடியா வாங்கி வித்தா என்ன?' என்ற பேச்சு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுவது இதனால்தான்.

நல்ல யோசனைதான். விவசாயியிடம் நேரடியாக வாங்கி, வாரம் ஒரு நாள் காலையில் நம்ம பகுதியிலேயே மேசை போட்டு விற்பதைத்தான் இங்கே உழவர் கடை என்கிறேன். ஆனால் ஆரம்பித்த வேகத்திலேயே மூடிய கடைகளும் நிறைய. இடையில் இருப்பவரின் கமிஷனை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். விற்காமல் மிஞ்சி அழுகும் காயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் இடம், மேசை, பேனர் எல்லாவற்றுக்கும் முன்பு இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடை திறக்கும் முன் ஒரு கணக்கு

கத்திரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் பத்து சதவீதம் போனால் 2 ரூபாய். வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு இரண்டரை ரூபாய். விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோவது 15 ரூபாய் 50 காசு. அதே காய் கடையில் 40 ரூபாய்.

நீங்கள் விவசாயிக்கு 24 ரூபாய் கொடுக்கிறீர்கள். அவர் தோட்டத்திலிருந்து உங்கள் இடத்துக்கு வர கிலோவுக்கு 2 ரூபாய் ஆகிறது. பத்துக் கிலோவுக்கு 260 ரூபாய் அடக்கம். அதில் ஒரு கிலோ சொத்தை, வாட்டம், மிச்சம் என்று போய் ஒன்பது கிலோ விற்றால், விற்ற கிலோவுக்கு அடக்கம் 29 ரூபாய். கடைச் செலவுக்கு 2 ரூபாய் சேர்த்து 31 ரூபாய்க்கு விற்கலாம். வாங்குகிறவருக்கு 9 ரூபாய் லாபம், விவசாயிக்கு எட்டரை ரூபாய் கூடுதல்.

இப்போது அதே பத்துக் கிலோவில் ஏழு கிலோதான் விற்றது என்று வையுங்கள். அடக்கம் 37 ரூபாயைத் தாண்டுகிறது. செலவைச் சேர்த்தால் 39. அதாவது கிட்டத்தட்டப் பக்கத்துக் கடையின் விலை. தரகர் யாரும் இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை, ஆனாலும் விலை அங்கேயே வந்து நின்றுவிட்டது. சில்லறைக் கடைக்காரர் 40 ரூபாய் வைப்பதிலும் இந்த மிச்சத்தின் பங்கு நிறையவே இருக்கிறது. அவரைத் திட்டுவதற்கு முன்பு அவர் கடை மூலையில் கிடக்கும் குப்பைக்கூடையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆகவே விலையைக் குறைப்பதற்கு விவசாயியிடம் பேரம் பேச வேண்டியதில்லை. மிச்சத்தைக் குறைத்தால் போதும். கீழே வரும் எல்லாமே அதற்கான வழிகள்தான்.

உழவர் சந்தை இருக்கிறதே?

இருக்கிறது. முதல் உழவர் சந்தையே மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிய விவசாயி அங்கே வாடகை இல்லாமல் கடை போடலாம். ஒவ்வொரு நாளும் காலையில் விலை நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது அதன் அடிப்படை. மேலே போட்ட கணக்கில் 24 ரூபாய் வந்ததும் இந்த வழியில்தான்.

நடந்து போகிற தூரத்தில் உழவர் சந்தை இருந்தால் நீங்கள் தனியாகக் கடை போடாதீர்கள் என்பது என் கருத்து. அங்கே போய் வாங்குங்கள், அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஊர் விரிந்துவிட்டது. புறநகரில் பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் வயதானவர்களும், காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கடை அவர்களுக்கானது.

முதலில் வாங்குகிறவர்களைச் சேருங்கள்

பலர் விவசாயியைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். தலைகீழ். காய் கிடைப்பது சுலபம், மண்டி முழுக்கக் காய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எத்தனை வீட்டுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பது தெரிவதுதான் கஷ்டம்.

ஒரு நாற்பது வீட்டைப் பிடியுங்கள். 'எங்க கடைக்கு வருவீங்களா?' என்று கேட்டால் எல்லாரும் 'கண்டிப்பா' என்பார்கள். அந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை. போன வாரம் என்னென்ன காய் வாங்கினீர்கள், எவ்வளவு, எங்கே என்று கேளுங்கள். தக்காளியும் வெங்காயமும் எல்லா வீட்டிலும் இருக்கும். கத்திரி, வெண்டை, முருங்கை, அவரை, புடலை, பீர்க்கு என்று எழுதிக்கொண்டே வந்தால் தெரு என்ன சமைக்கிறது என்பது இரண்டு மாலையில் தெரிந்துவிடும். சுண்டைக்காய், கோவைக்காய் மாதிரியானவற்றை யார் கேட்கிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறைவு, ஆனால் கிடைக்காத பொருளுக்காகவே கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் முன்பதிவு. வாட்ஸ்அப் குழு ஒன்று போதும். கடை நாளுக்கு இரண்டு நாள் முன்பு இரவு ஒன்பது மணியோடு பட்டியலை மூடிவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகிற சரக்கில் முக்கால் பங்காவது முன்பதிவில் வந்திருக்க வேண்டும். மீதிக் கால் பங்கு, முன்பதிவு இல்லாமல் அந்த வழியாக வருகிறவர்களுக்கு. இந்த விகிதம் பாதிக்குப் பாதி என்று இறங்கினால் அந்த வாரம் சரக்கைக் குறைத்து எடுங்கள். மேசை காலியாகத் தெரிகிறதே என்று சங்கடப்பட வேண்டாம். பத்து மணிக்குள் காலியான மேசையைப் பார்த்தவர்கள் அடுத்த வாரம் முன்பதிவு செய்வார்கள்.

இதைவிட உறுதியான வழி வாரப் பை. வாரம் 200 ரூபாய், மாதத்துக்கு 800 முன்பணம். ஒரு சாம்பார்க் காய், இரண்டு பொரியல் காய், தக்காளி, சின்ன வெங்காயம், இரண்டு கட்டுக் கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி. என்ன காய் என்பதைத் தோட்டம் முடிவு செய்யும். சரி, 'எங்க வீட்ல பாகற்காய் யாரும் தொடமாட்டாங்க' என்று ஒருவர் சொல்வார், நிச்சயம் சொல்வார். அதற்கு மேசையின் ஓரத்தில் ஒரு மாற்றுக் கூடை வையுங்கள். வேண்டாத காயை அதில் போட்டுவிட்டு, அதிலேயே வேறு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதலில் நாமே நாலு காயைப் போட்டுவைத்தால் ஓட ஆரம்பித்துவிடும். பாகற்காயை விட்டுப்போகிறவரும் உண்டு, அதைத் தேடி வருகிற சர்க்கரைக்காரரும் உண்டு.

விவசாயியிடம் கேட்க வேண்டியவை

இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டருக்குள் நாலைந்து பேர் போதும். மதுரையில் என்றால் அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர், செல்லம்பட்டி என்று எந்தத் திசையிலும் காய்கறி போடுகிறவர்கள் உண்டு. உழவர் சந்தை அட்டை வைத்திருப்பவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரர்களாக இருப்பவர்கள் மூலம் தேடினால் சீக்கிரம் கிடைப்பார்கள். போனில் முடிக்காமல் தோட்டத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள், அதுவும் பறிப்பு நாளில்.

முதலில் கேட்க வேண்டியது, மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பது. விதை, உரச் செலவுக்குக் கமிஷன் கடையில் பணம் வாங்கியிருந்தால் சரக்கை அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும். அது கடன் மட்டும் இல்லை, அவசரத்துக்கு உதவுகிற உறவும்கூட. மகள் கல்யாணத்துக்கு நடு இரவில் பணம் கொடுத்தவர் அந்த மண்டிக்காரராக இருக்கலாம். நீங்கள் வாரம் நாற்பது கிலோ வாங்குகிறவர். அந்த உறவை முறித்துவிட்டு வரச் சொல்வது நியாயம் இல்லை. பெரும்பகுதி மண்டிக்குப் போகட்டும், எங்களுக்கு இத்தனை கிலோ என்று பேசுங்கள். இப்படிப் பேசினால் மண்டிக்காரரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது பறிப்பு நாள். கடை தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும்; ஒரு நாள் தள்ளினால் முற்றிவிடும். பீர்க்கு, புடலை, கொத்தவரை எல்லாமே அடுத்தடுத்துப் பறிப்பு கேட்பவை. வாரம் ஒரு நாள் மட்டும் வாங்குகிற கடைக்காக எந்தச் செடியும் காத்திருக்காது. அதனால் இப்படிப்பட்ட காய்களுக்கு நீங்கள் அவருடைய ஒரு பறிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை இரு தரப்பும் புரிந்துகொள்ள வேண்டும். கடை நிலைத்த பிறகு, முடிந்தால் புதன், ஞாயிறு என்று வாரம் இரண்டு நாள் கடை போடுங்கள். அதுவரை பொருள் பட்டியலை மாற்றுங்கள். பூசணி, பரங்கி, சேனை, கருணை, சின்ன வெங்காயம், தேங்காய், வாழைக்காய் போன்றவை ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் மேசையில் பாதி இவையாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கீரைக்கு வேறு ஏற்பாடு. முளைக்கீரை, சிறுகீரை விதைத்த மூன்று நாலு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். உங்களிடம் எண்பது கட்டு நிச்சயமாகப் போகும் என்று தெரிந்தால் விவசாயி வாரம் ஒரு பாத்தியாக விதைத்துக்கொண்டே வருவார். உத்தரவாதம் கொடுத்தால் மட்டும் இப்படிக் கேளுங்கள்.

மூன்றாவது, ரகம். மண்டியில் பெரிய காய், நேர்க்காய் தனி. வளைந்தது, பொடி தனி. பொடிக்கு விலை கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் கலந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் விவசாயிக்குப் பெரிய நிம்மதி. பொடிக் கத்திரியை எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு என்று தனிக் கூடையில் வைத்தால் முதலில் தீர்வது அதுதான்.

பணம் அன்றைக்கே. இதில் தவணை, பாக்கி, அடுத்த வாரம் என்ற பேச்சே கூடாது. மண்டியைவிட உங்களைத் தேடி வர அவருக்குள்ள முதல் காரணம் கிலோவுக்கு எட்டரை ரூபாய் கூடுதல் இல்லை, கையோடு கிடைக்கும் பணம்.

இயற்கை விவசாயக் காய்தான் விற்க வேண்டுமா? கட்டுபடியான விலை என்பது உங்கள் நோக்கம் என்றால் அதை முதல் நாளே நிபந்தனையாக வைக்காதீர்கள். மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள், நேர்மையான பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். சான்று இல்லாத காயை 'ஆர்கானிக்' என்று பலகையில் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

விலைக்கு ஒரு வேலி

ஒவ்வொரு வாரமும் பேரம் பேசினால் இரண்டு பக்கமும் சலிப்பு வந்துவிடும். பருவத் தொடக்கத்திலேயே கீழ் விலை, மேல் விலை என்று இரண்டு எண்ணைப் பேசி எழுதிவிடுங்கள். உதாரணமாகக் கத்திரிக்கு 18 ரூபாய்க்குக் கீழே போகாது, 40-க்கு மேலே ஏறாது. இடையில் மண்டி விலையோடு சேர்ந்து அசையும். அன்றைய விலை தெரிய தமிழ்நாடு அரசின் உழவன் செயலி இருக்கிறது. உழவர் சந்தை வாசலில் உள்ள விலைப் பலகையைப் பார்த்து வர ஒருவரைப் பழக்கினால் இன்னும் நல்லது.

இந்த வேலி இரண்டு சமயத்தில் சோதனைக்கு வரும். பங்குனி, சித்திரையில் முருங்கை குவியும். மண்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும். அப்போது 'வெளியே அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்குது, நீங்க ஏன் பத்து கொடுக்கறீங்க?' என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். இதே ஆட்கள்தான் மார்கழியில் முருங்கை விலையைக் கேட்டு மயக்கம் போட்டு விழுந்தவர்கள் என்பதை நயமாக நினைவுபடுத்துங்கள். மறுபக்கம், 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறி, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதிரி நேரத்தில் விவசாயிக்கு மண்டி மீது கண் போவது இயல்பு. பேசிய அளவை மட்டும் பேசிய விலைக்குக் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு கிலோ வேண்டுமென்றாலும் சந்தை விலை கொடுங்கள். வீட்டுக்கு ஒரு கிலோ என்று பங்கு வைத்து விற்றால் யாரும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக முடியாது.

இடம், தராசு, தாள்கள்

இடத்துக்குச் சாலையோரத்தைவிடச் சங்கக் கட்டட வாசல், கோயில் மண்டபம், சர்ச் வளாகம், பள்ளி மைதானத்து ஓரம் நல்லது. யாருடைய இடமோ அவர்களிடம் அனுமதியைக் கடிதமாக வாங்கிவிடுங்கள். பொதுச் சாலையில் போடுவதானால் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியின் சான்று வேண்டும். அந்த இடம் அன்றாடம் அங்கே பிழைப்பவருக்கு உரியது, வார இறுதிக் கடைக்காக அதில் போட்டி போடாதீர்கள்.

தராசு எலக்ட்ரானிக், முத்திரை பதித்தது. தமிழ்நாட்டில் எடையளவு முத்திரை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எண் தெரியும் பக்கம் வாங்குகிறவரைப் பார்த்து இருக்கட்டும். தட்டை வைத்து, பூஜ்யம் ஆக்கி, 'பார்த்துக்கங்க' என்று சொல்லிவிட்டுக் காயைப் போடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகர் பதிவை இணையத்திலேயே செய்துகொள்ளலாம். புதிய காய்கறி, பழங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் கைப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 'துணிப்பை கொண்டுவாங்க' என்பதை முன்பதிவுச் செய்தியிலேயே போட்டுவிடுங்கள். மறந்து வருகிறவர்களுக்குப் பழைய நாளிதழ்க் காகிதப் பை தைத்துக் கொடுக்க எல்லாத் தெருவிலும் ஒரு தாத்தா இருப்பார்.

கடை நாள் காலை

வண்டி ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும். இறக்கியதும் எடை, உடனே விவசாயி பெயரில் துண்டுச் சீட்டு, பணம். முன்பதிவுப் பைகளை முதலில் கட்டிவிடுங்கள். மேசையில் பரப்பிவிட்டு அதிலிருந்து பொறுக்க ஆரம்பித்தால் ஏழு மணிக்கு எல்லாம் குழம்பிவிடும். விலைப் பலகை ஆறு மணிக்கு எழுதியாக வேண்டும். பலகையில் விற்கும் விலையோடு, விவசாயிக்குக் கொடுத்த விலையையும், அவர் ஊரையும் எழுதுங்கள். கத்திரி, அலங்காநல்லூர், வாங்கியது 24, விற்பது 31. இப்படி எழுதினால் பேரம் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதியைக் கொசுறு பார்த்துக்கொள்ளும். ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் இல்லாமல் காய் வாங்கினால் நம்ம ஆட்களுக்கு வாங்கிய மாதிரியே இருக்காது. கொடுங்கள். ஆனால் அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவையுங்கள். யார் வீட்டிலாவது கறிவேப்பிலை மரம் இருந்தால் இந்தச் செலவே இல்லை.

கை வைத்துப் பார்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெண்டைக்காயின் நுனியை உடைக்காமல் வாங்கத் தெரியாது நமக்கு. சுரைக்காயில் நகத்தால் குத்திப் பார்ப்பார்கள், முருங்கைக்காயை முறுக்குவார்கள், தக்காளியை அமுக்குவார்கள். வெண்டை ஒரு கூடையில் மேலாக உள்ள காயெல்லாம் எட்டு மணிக்குள் நுனி போய் நிற்கும். நுனி போன காயை அடுத்தவர் எடுக்க மாட்டார். சுரைக்காயில் நகம் பட்ட இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்தால் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு தட்டில் அதே கூடையிலிருந்து ஆறேழு வெண்டைக்காயை எடுத்து வைத்து, 'உடைச்சுப் பார்க்க' என்று எழுதுங்கள். சுரைக்காய் ஒன்றை நறுக்கி வெட்டுமுகம் தெரிய வையுங்கள். அந்த ஆறு காய்களின் விலை, ஒரு கூடை வெண்டையைக் காப்பாற்றும்.

நிழல் மிக முக்கியம். கீரை மேல் ஈரச் சாக்கு, அதன் மேல் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பு. தக்காளி, வெங்காயத்தின் மேல் ஒரு துளி படக் கூடாது. வாழைப்பழத் தாரைக் கீரைக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். பழுக்கும் பழம் விடுகிற வாயுவில் கீரை சீக்கிரம் மஞ்சளாகும்.

கூறு கட்டுங்கள்

கிலோக் கணக்கில் மட்டும் விற்கும் கடை, மாதச் சம்பளக்காரர்களுக்கான கடை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர், பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருப்பவர், வீட்டு வேலை செய்யும் அக்கா எல்லாரும் இருபது ரூபாய்க்குக் கூறு வாங்கித்தான் குழம்பு வைக்கிறார்கள். ஆனால் கூறைப் பிரித்து எடை போட்டுப் பாருங்கள். பல இடங்களில் கிலோ விலையைவிடக் கூறு விலை கூடுதலாகத்தான் வரும். கையில் காசு குறைவாக உள்ளவர் கூடுதல் விலை கொடுக்கிறார். உங்கள் கடையில் கூறை எடை போட்டுக் கட்டுங்கள், கிலோ விலையே கூறுக்கும். கலவைக் கூறும் கட்டலாம்: இரண்டு கத்திரி, ஒரு முருங்கை, ஒரு துண்டு பரங்கி, தக்காளி, மிளகாய். ஒரு நேரச் சாம்பாருக்கு அது போதும். கால் பரங்கி, அரைச் சுரை என்று நறுக்கியும் கொடுங்கள்.

காசே இல்லாத வீடுகளும் இருக்கும். அவர்களுக்கு இலவசம் என்று தனி வரிசை வைத்தால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். வழி ஒன்று உண்டு. கடையில் எல்லாருமே டோக்கனில் வாங்கட்டும். பணம் கட்டி டோக்கன் வாங்குவது ஒரு மேசை, காய் வாங்குவது வேறு மேசை. வசதி உள்ளவர்கள் 200 ரூபாய்ப் பைக்கு 230 கட்டலாம் என்று சொல்லுங்கள், கட்டுவார்கள். அந்த முப்பதுகள் சேர்ந்து டோக்கனாக, தெருவை நன்றாக அறிந்த ஒருவர் கையால், வேண்டிய வீட்டுக்கு முந்தின நாளே போய்விடும். காய் மேசையில் நிற்பவருக்கு எது எந்த டோக்கன் என்று தெரியாது.

கடன் சொல்லி வாங்குகிற பழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். போணி நேரத்தில் ஒருவர் கேட்டால் 'முதல் போணிங்க' என்று தப்பித்துக்கொள்ளலாம், ஒன்பது மணிக்கு என்ன சொல்வீர்கள்?

கீரைக்கார அம்மா

உங்கள் தெருவில் கூடை சுமந்து வரும் அம்மா ஒருவரோ, தள்ளுவண்டிக்காரர் ஒருவரோ ஏற்கெனவே இருப்பார். உங்கள் கடையால் அவர் பிழைப்பு போனால், கட்டுபடியான விலை என்ற பேச்சுக்கு அர்த்தம் இல்லை. தொடங்கும் முன்பே அவரிடம் பேசுங்கள். கீரையை அவரே போடட்டும், உங்கள் மேசைக்குப் பக்கத்தில், அவர் கணக்கில். வண்டிக்காரருக்கு உங்கள் லோடில் அடக்க விலைக்குச் சரக்கு கொடுங்கள். பத்து மணிக்கு மேல் மிஞ்சுவதை அவர் வண்டியில் ஏற்றி மற்றத் தெருக்களில் விற்றால், உங்கள் மிச்சப் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. தெருவில் எந்த வீட்டுக்காரர் கறாராகப் பேசுவார், யார் மாதக் கடைசியில் தடுமாறுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். டோக்கன் கொண்டுபோய்க் கொடுக்க அந்த அம்மாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

மிச்சம்

முன்பதிவு சரியாக இருந்தாலும் மிச்சம் இருக்கும். விலை குறைப்பைக் கடைசி அரை மணிக்கு வைக்காதீர்கள். 'கடைசியில போனா பாதி விலை' என்று தெரிந்ததும் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். மிஞ்சியதைக் கலவைக் கூறாகக் கட்டுவது நல்லது, விலை குறையாது, அளவு கொஞ்சம் கூடும்.

இரண்டாம் நாளுக்கு வைக்க வேண்டியிருந்தால் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் அறையை ஒரு கொத்தனார் ஒரே நாளில் கட்டிவிடுவார். செங்கல்லை இரட்டைச் சுவராக அடுக்கி, இடையில் மூன்று அங்குல இடைவெளி விட்டு அதில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்துவிட வேண்டும். மேலே மூங்கில் தட்டி, நனைத்த சாக்கு. நிழலான, காற்றோட்டமான இடம் அவசியம். மதுரை, திருச்சி, கோவை மாதிரி வறண்ட காற்று வீசும் ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இராது. வெங்காயம், உருளைக்கிழங்கை இதில் வைக்க வேண்டாம், ஈரத்தில் முளை விட்டுவிடும்.

முற்றல், பழுத்த கீரை, சொத்தை எல்லாம் பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்கு. அவர் சாணி கொடுப்பார், அது தோட்டத்துக்குத் திரும்பிப் போகும் வண்டியில் ஏறட்டும். வண்டி எப்படியும் காலியாகத்தான் போகிறது.

நோட்டும் நாட்காட்டியும்

ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு காய்க்கும் நாலு பத்தி போதும்: வாங்கிய எடை, விற்ற எடை, கொசுறு, கழிவு. கழிவு எந்தக் காயில் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறதோ அதை அடுத்த வாரம் குறைத்து எடுங்கள், இரண்டு வாரம் தொடர்ந்து தாண்டினால் முன்பதிவுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ரூபாய்க் கணக்கு தனிப் பக்கம். ஜிபேயில் வந்ததும் கையில் வந்ததும் அன்றைக்கே ஒத்துப்போக வேண்டும். சொந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையை ஒட்டாமல், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் சங்கக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள்.

நோட்டுக்குப் பக்கத்தில் தினசரி நாட்காட்டி தொங்கட்டும். அமாவாசைக்கு முந்தின நாள் வாழைக்காய், பூசணி, அவரை மூன்றும் இரட்டிப்பாகப் போகும். புரட்டாசி முழுக்கக் காய் விற்பனை ஏறும், விலையும் ஏறும். முகூர்த்த நாள்களில் வாழையிலை, தேங்காய் விலையைக் கேட்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரைப் பாத்தி அழுகிவிடும். அந்த வாரங்களில் வாரப் பையில் கீரைக்குப் பதில் கிழங்கு வரும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து, மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி. கரும்பை முன்பதிவு இல்லாமல் ஒரு கட்டுகூட எடுக்காதீர்கள். போகி முடிந்த மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

மூன்று மாதம் ஆனதும் விவசாயிகளையும் வாங்குகிறவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து அந்த நோட்டை வாசியுங்கள். கையில் பணம் மிஞ்சியிருந்தால் அதை எந்தப் பக்கம் தருவது, வாங்கும் விலையைக் கூட்டவா, விற்கும் விலையைக் குறைக்கவா என்று அங்கேயே பேசி முடிவெடுங்கள். கழிவு பத்து சதவீதத்துக்குள் அடங்கியிருந்தால் மட்டும் இரண்டாவது கடை நாளைப் பற்றிப் பேச்செடுங்கள்.